எர்ணாவூர் காற்றுக்கு எந்தக் கிட்டார்?

ஆர்டர் கொடுத்து எலெக்ட்ரிக் கிட்டார் செய்துகொள்ள நினைப்பவரிடம் செய்பவர் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள்: கழுத்து எந்த வகை, மரம் எது? கழுத்தில் மூன்று வகை உண்டு. தனியாகச் செதுக்கிய கழுத்தை உடலில் வெட்டிய குழிக்குள் உட்காரவைத்து நான்கு திருகாணியால் முடுக்கினால் அது போல்ட்-ஆன். அதே குழிக்குள் பசை போட்டு நிரந்தரமாக ஒட்டிவிட்டால் செட்-நெக். கழுத்துக் கட்டையே தலையில் தொடங்கி உடலின் அடி வரை ஒரே ஓட்டமாக ஓட, அதன் இரு பக்கமும் உடலைச் சிறகுகள்போல ஒட்டினால் நெக்-த்ரூ. விலைப்பட்டியலில் நெக்-த்ரூ மேலே இருக்கும், திருகாணிக் கழுத்து கீழே இருக்கும். தந்தியின் அதிர்வு இடையில் எங்கும் தடைபடாததால் நாதம் நீண்டு நிற்கும் என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். மரத்துக்கும் இப்படி ஒரு சாதகம் எழுதி வைத்திருக்கிறார்கள். மஹோகனி என்றால் கனிவு, மேப்பிள் என்றால் பளிச்சென்ற ஒலி, ஈட்டி மரம் என்றால் ஆழம். வடசென்னைக் கடலோரத்தில், குறிப்பாக எர்ணாவூர் போன்ற ஓர் இடத்தில் வாசிக்கப்படும் கிட்டாருக்கு இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும் என்பது என் கட்சி. நாதத்தைச் சொல்லி விற்கப்படும் இரண்டு விஷயங்களும் உண்மையில் நாதத்தைச் சொற்பமாகவே மாற்றுகின்றன. அவை பெரிதாக மாற்றுவது வேறு இரண்டை: கருவி இந்தக் காற்றில் எத்தனை வருஷம் நேராக நிற்கும் என்பதையும், கெட்டால் யாரால் சரிசெய்ய முடியும் என்பதையும்.

ஒரே மரத்தின் மேல் நமக்கு இருக்கும் மரியாதை கிட்டாரோடு வந்ததல்ல. எர்ணாவூரை ஒட்டிய திருவொற்றியூரில்தான் தியாகராஜரின் சீடர் வீணை குப்பையர் வாழ்ந்தார். அங்கே வந்த தியாகராஜர் திரிபுரசுந்தரி மேல் ஐந்து கீர்த்தனைகள் பாடியதும் இசை வரலாறு. இந்த வட்டாரம் வீணை கேட்டு வளர்ந்த வட்டாரம். வீணை உலகத்தில் குடமும் தண்டியும் ஒரே பலாக் கட்டையில் குடைந்தெடுத்த ஏகாண்ட வீணைக்குத் தனி மதிப்பு. குடம், தண்டி, யாளி முகம் என்று தனித்தனியாகச் செய்து பொருத்தும் ஒட்டு வீணைக்கு விலையும் குறைவு, பேச்சிலும் ஒரு படி இறக்கம். அந்த மதிப்புக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. வீணையில் குடமும் அதை மூடும் பலகையும்தான் ஒலியைப் பெருக்குகின்றன. குதிரையிலிருந்து இறங்கும் அதிர்வு மரத்துக்குள் போய், மரம் காற்றை அசைத்து, அந்தக் காற்று நம் காதுக்கு வருகிறது. மரம் அங்கே வாத்தியத்தின் குரல்வளை. இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பலர் சொல்வதில்லை. தச்சர்கள் நெடுங்காலம் நம்பியது வஜ்ஜிரப் பசையை. தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் அந்தப் பசை ஈரத்தில் இளகும், சூட்டில் விடும். பல மணி நேரம் இழுவிசையில் நிற்கும் ஒரு கருவியில் குடமும் தண்டியும் சேரும் இடம் மயிரிழை அசைந்தால்கூடச் சுருதி போய்விடும். அன்றைக்கு ஏகாண்டம் நாதத்துக்கான காப்பீடாக இருந்த அளவுக்கு, விட்டுப்போகும் பசைக்கு எதிரான காப்பீடாகவும் இருந்தது. ஃபெவிகாலும் அரால்டைட்டும் தெருமுனைக் கடையில் கிடைக்கும் காலத்தில், ஒழுங்காக இழைத்து ஒட்டிய இணைப்பை உடைத்துப் பார்த்தால் பெரும்பாலும் பக்கத்து மரம் பிய்கிறதே தவிர ஒட்டு விடுவதில்லை.

எலெக்ட்ரிக் கிட்டாரில் கதையே வேறு. தந்திகளுக்குக் கீழே பிக்-அப் இருக்கிறது. காந்தத்தைச் சுற்றித் தலைமுடி அளவே பருமனுள்ள செம்புக் கம்பியை ஏழாயிரம் எட்டாயிரம் சுற்று சுற்றிய சிறு பெட்டி அது. எஃகுத் தந்தி காந்தப் புலத்தில் அசையும்போது கம்பிச்சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. ஆம்ப்ளிஃபயருக்குப் போவது அந்த மின்னழுத்தம். மரம் எவ்வளவு இனிமையாக அதிர்ந்தாலும் பிக்-அப்புக்கு அது நேராகத் தெரியாது, தந்தியின் அசைவு மட்டுமே தெரியும். மரம் இந்தக் கதைக்குள் நுழைவதற்கு ஒரே வழி, தந்தியின் அசைவிலிருந்து கொஞ்சம் சக்தியைத் திருடிக்கொள்வது. எந்த மரம் எவ்வளவு குறைவாகத் திருடுகிறது என்பதுதான் கேள்வி. வீணையில் மரம் கொடுக்கிறது, எலெக்ட்ரிக் கிட்டாரில் மரம் எடுக்கிறது. முன்னதன் இலக்கணத்தைப் பின்னதற்குப் பூட்டுவதில்தான் இந்தக் குழப்பம் முழுதும் பிறக்கிறது.

தொடக்கத்திலேயே இதைச் சிலர் கண்டுகொண்டார்கள். 1940ஐ ஒட்டி அமெரிக்காவில் லெஸ் பால் நான்குக்கு நான்கு அங்குலப் பைன் கட்டை ஒன்றில் தந்தி கட்டி, பிக்-அப் பொருத்தி வாசித்தார். பார்ப்பதற்குக் கிட்டார் மாதிரி இருக்கட்டும் என்று சாதாரணக் கிட்டார் ஒன்றை இரண்டாகப் பிளந்து இரு பக்கமும் ஒட்டவைத்தார். அந்தச் சிறகுகள் ஒலிக்காக வைத்தவை அல்ல, பார்ப்பவர் கண்ணுக்காக வைத்தவை. 1948இல் பால் பிக்ஸ்பி, மெர்ல் ட்ராவிஸ் என்ற இசைக்கலைஞருக்காகக் கழுத்துக் கட்டை உடலோடு ஓடும் கிட்டார் ஒன்றைச் செய்தார். 1957இல் ரிக்கன்பேக்கர் அந்த முறையில் பேஸ் கிட்டாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1963இல் கிப்ஸன் நிறுவனம் ரே டீட்ரிக் என்ற கார் வடிவமைப்பாளரை அழைத்து ஃபயர்பேர்டை வரையச் சொன்னது. அதுவும் நெக்-த்ரூதான். இரண்டே வருஷத்தில் அதன் வடிவத்தை மாற்றிக் கழுத்தை ஒட்டும் முறைக்குப் போய்விட்டது, செய்முறைச் செலவு தாங்காமல். இதற்கெல்லாம் நடுவில், 1950இல், ரேடியோ பழுதுபார்க்கும் கடையிலிருந்து தொழிலைத் தொடங்கிய லியோ ஃபெண்டர் என்பவர் கழுத்தை நாலு திருகாணியில் முடுக்கி விற்கத் தொடங்கினார். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. கெட்ட பாகத்தைக் கழற்றி நல்ல பாகத்தைப் போடுவது ரேடியோக்காரரின் புத்தி, அதையே கிட்டாருக்கும் போட்டார். உலகத்தில் அதிகமாகப் பதிவாகியிருக்கும் கிட்டார் ஒலிகளில் ஒரு பெரும்பகுதி அந்த நாலு திருகாணிக் கழுத்திலிருந்து வந்தது. நம் ஊரிலும் சான்று இருக்கிறது. உ. ஸ்ரீநிவாஸ் 1981இல் சிறுவனாகச் சென்னை மேடை ஏறியது முதல் 2014இல் மறையும் வரை கர்நாடக சங்கீதத்தின் நெளிவு சுளிவுகளையெல்லாம் எடுத்துக்காட்டியது, குடமே இல்லாத மின்மாண்டலினில்தான். கமகத்துக்குப் பலாக்குடம் கட்டாயமென்றால் அது நடந்திருக்க முடியாது.

சோதித்துப் பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? கிட்டார் செய்பவர்களுக்கான அமெரிக்கன் லூதரி இதழில் 2007இல் ஆர்.எம். மோட்டோலா மூன்று வகைக் கழுத்து இணைப்புகளிலும் நாதம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அளந்து எழுதினார். கேட்டவர்களால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. கருவியில் அளந்தபோது சற்றே முன்னால் வந்தது திருகாணிக் கழுத்து, அதாவது விலைப்பட்டியலின் வரிசைக்கு நேரெதிர். மர விஷயத்தில் இதைவிடக் கடுமையான சோதனை ஒன்று உண்டு, அதுவும் அக்கூஸ்டிக் கிட்டாரில். இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த ஆய்வாளர்கள் முதுகும் பக்கப்பலகையும் மட்டும் ஆறு வெவ்வேறு மரத்தில் அமைய, மற்றெல்லாம் ஒன்றுபோல இருக்கும் ஆறு கிட்டார்களைச் செய்வித்தார்கள். விலையுயர்ந்த பிரேசில் ஈட்டியும் அதில் இருந்தது, மலிவான சபேலியும் இருந்தது. 52 கிட்டார் கலைஞர்கள் வெல்டர் கண்ணாடி மாட்டிக்கொண்டு மங்கலான அறையில் வாசித்துப் பார்த்தார்கள். 2018இல் முடிவு வெளியானது. ஆறுக்கும் கிடைத்த மதிப்பெண் ஏறக்குறைய ஒன்றேதான். எந்தக் கிட்டார் எது என்று நம்பகமாகப் பிரித்துச் சொல்லவும் இயலவில்லை. மரமே குரலாக இருக்கும் அக்கூஸ்டிக்கில் முதுகு மரம் இவ்வளவுதான் என்றால், மரத்தின் குரலைக் கேட்கவே கேட்காத பிக்-அப்புக்கு முன்னால் அது எவ்வளவு இருக்கும்? நாஷ்வில்லைச் சேர்ந்த ஜிம் லில் என்ற கலைஞர் உடலே இல்லாமல் இரண்டு மேசைகளுக்கு நடுவே தந்திகளைக் கட்டி, அதன் கீழே பிக்-அப்பை நிறுத்தி வாசித்துப் பதிவு செய்தார். நல்ல கிட்டாரின் ஒலியிலிருந்து அதைப் பிரித்துக் கேட்பது கஷ்டம். அது ஆய்வுக்கூடச் சோதனை இல்லை, ஒரு மனிதரின் பிடிவாதம். ஆனாலும் பெரிய வித்தியாசம் இருந்திருந்தால் அங்கே காட்டிக்கொடுத்திருக்கும்.

இந்த இடத்தில் அனுபவசாலிகள் குறுக்கிடுவார்கள், அவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஒரே தயாரிப்பில் வந்த இரண்டு கிட்டார்கள் ஒன்றுபோல ஒலிப்பதில்லை. சில கிட்டாரில் குறிப்பிட்ட ஒரு ஃபிரெட்டில், அதாவது விரல் வைக்கும் கட்டையில், மட்டும் சுரம் சட்டென்று செத்துப்போகும், அடுத்த கட்டையில் உயிரோடு இருக்கும். அது பிரமை இல்லை. ஜெர்மனியில் ஹெல்முட் ஃப்ளைஷர் 1990களில் இதைத் துல்லியமாக அளந்திருக்கிறார். கழுத்துக்கென்று சொந்த அதிர்வெண்கள் உண்டு. விரல் வைக்கும் இடத்தில் கழுத்து தானும் சேர்ந்து ஆடினால் தந்தியின் சக்தி அங்கே வடிந்துவிடும், நாதம் செத்துவிடும். இதிலிருந்து கிடைக்கும் பாடம் என்ன என்று பாருங்கள். குற்றவாளி கழுத்தின் விறைப்பும் எடையும், தலைப்பகுதியின் அமைப்பும். உடல் மரத்தின் பெயர் இந்தப் பட்டியலில் பின்னால் எங்கோ நிற்கிறது. கழுத்து எங்கே முடிகிறது என்பதும் அப்படித்தான். விறைப்பான கழுத்து வேண்டுமென்றால் நேரான ரேகையுள்ள, நன்றாகக் காய்ந்த கட்டையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ரேகை செங்குத்தாக நிற்கும்படி அறுக்க வேண்டும். இதெல்லாம் திருகாணிக் கழுத்திலும் செய்யக் கூடியதே. இரண்டு கிட்டார் வெவ்வேறாக ஒலிப்பதற்கு பிக்-அப்பின் உயரம் ஒரு மில்லிமீட்டர் மாறியிருப்பதே பல நேரம் போதும். திருகைத் திருப்பினால் சரியாகிவிடுகிற வித்தியாசத்துக்கு நாம் காட்டு மரத்தைக் காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நெக்-த்ரூவை ஏகாண்ட வீணையோடு ஒப்பிடுவதும் பொருந்தாது. பெரும்பாலான நெக்-த்ரூ கழுத்துகள் மேப்பிள், வால்நட் என்று மூன்று முதல் ஐந்து பட்டிகளைப் பக்கவாட்டில் ஒட்டிச் செய்தவை. கழுத்து முறுக்கிக்கொள்ளாமல் இருக்க அதுதான் நல்ல வழி. ஒட்டே இல்லாத கருவி என்று நினைத்து வாங்குகிறவர் கையில் இருப்பது கடைத்தெருவிலேயே அதிக ஒட்டுள்ள கருவி.

இனி எர்ணாவூருக்கு வருவோம். கிழக்கே கடல், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய், வடக்கே எண்ணூர்க் கழிமுகம். 1970 முதல் 2017 வரை ஓடிய அனல்மின் நிலையம் இருந்த இடம், இப்போதும் கன்டெய்னர் லாரிகளின் புழுதி ஓயாத இடம். காற்றில் ஈரம் ஆண்டின் பெரும்பகுதி எழுபது சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது, அதில் உப்பும் இருக்கிறது. வெளிநாட்டுத் தொழிற்சாலைகளில் கிட்டார் உருவாகும் அறையில் ஈரப்பதத்தை ஐம்பது சதவீதத்தை ஒட்டிக் கட்டுப்படுத்தி வைக்கிறார்கள். அந்தக் காற்றில் மரத்துக்குள் தங்கும் நீர் சுமார் 9 சதவீதம். ஏ.சி. இல்லாத கடலோர வீட்டில் அது மெல்ல மெல்ல 15 வரை ஏறும். மரம் நீரைக் குடித்தால் ரேகைக்குக் குறுக்கே பருக்கும், எல்லா மரமும் ஒரே அளவில் பருப்பதில்லை. பச்சை மரம் முற்றிலும் காயும்போது மேப்பிள் தொடுகோட்டுத் திசையில் ஏறக்குறைய 10 சதவீதம் சுருங்குகிறது. தேக்கு 5 சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது, மஹோகனி 4 சொச்சம். இந்தக் கணக்கைக் கழுத்தின் மேல் போட்டுப் பார்த்தால், 55 மில்லிமீட்டர் அகலமுள்ள, தட்டையாக அறுத்த மேப்பிள் கழுத்து அந்தத் தொழிற்சாலையிலிருந்து இந்தக் கரைக்கு வந்து முழுதாக ஈரம் ஏற்றால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பருக்கலாம். தேக்கு அதில் ஏறக்குறைய பாதி. பாலிஷ் இதைத் தாமதப்படுத்தும், தடுக்காது. அதே கிட்டார் சனிக்கிழமை இரவு ஏ.சி. போட்ட பதிவுக்கூடத்தில் ஆறு மணி நேரம் இருந்து ஞாயிறு காலை திருச்சபை ஆராதனைக்கு வெயிலில் போகும்போது மரம் ஒரு பக்கம் காய்ந்து ஒரு பக்கம் ஊறி வளைகிறது. மேப்பிளுக்குப் பளிச்சென்ற ஒலி இருக்கிறதா என்று விவாதிப்பவர்கள் இந்தக் கணக்கைப் பேசி நான் கேட்டதில்லை.

வளைந்தால் என்ன செய்வது? ஏறக்குறைய எல்லாக் கழுத்துக்குள்ளும் ட்ரஸ் ராட் என்ற எஃகுக் கம்பி இருக்கிறது. முன்னும் பின்னுமான வளைவை அது சரிசெய்யும். முறுக்கத்தை அது ஒன்றும் செய்யாது, கழுத்து உடலோடு சேரும் கோணத்தையும் தொடாது. திருகாணிக் கழுத்தில் கோணம் தப்பினால் கழுத்தைக் கழற்றிக் குழிக்குள் ஒரு மெல்லிய தகடு வைத்து மறுபடி முடுக்கினால் அரைமணி வேலை. கழுத்தே போய்விட்டால் புதுக் கழுத்து மாட்டலாம், உடலும் பிக்-அப்பும் அப்படியே இருக்கும். நெக்-த்ரூவில் இதெல்லாம் கிடையாது. ஃபிரெட்டுகளை எல்லாம் பிடுங்கிவிட்டு விரல்பலகையை இழைத்து மட்டம் செய்ய வேண்டும், அல்லது கிட்டாரின் முதுகெலும்பையே அறுத்தெடுக்க வேண்டும். அதைத் துணிந்து தொடும் கைகள் இந்தியாவிலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவை. எர்ணாவூரின் பக்கத்தில் இருக்கும் கைகள் வேறு வகை. 1948இல் தொடங்கிய அசோக் லேலாண்டும், 1955இல் திருவொற்றியூரில் எழுந்த என்ஃபீல்டு தொழிற்சாலையும், அவற்றைச் சுற்றி முளைத்த லேத் பட்டறைகளும் இரண்டு மூன்று தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தது கழற்றி மாட்டும் வித்தையை. மரையிட்ட பித்தளை இன்செர்ட்டைக் கழுத்துக்குள் இறக்கி, துருப்பிடிக்காத எஃகு போல்ட் போட்டால் சாதாரண மரத்திருகாணியின் இரண்டு குறைகளும் தீரும். பலமுறை கழற்றினாலும் மரத்தில் ஓட்டை தளராது, உப்புக் காற்றில் தலை துருப்பிடித்துக் கழற்ற முடியாமல் மாட்டிக்கொள்ளாது. அந்த இன்செர்ட்டைக் கடைந்து தர இந்த வட்டாரத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. இதே கரையில் நூற்றாண்டுகளாக ஓடிய கட்டுமரம்கூட ஒரே மரத்தில் குடைந்த தோணி இல்லை. கட்டைகளைக் கயிற்றால் வரிந்து கட்டிக் கடலுக்குப் போவார்கள், கரைக்கு வந்ததும் அவிழ்த்துத் தனித்தனியாகக் காயப்போடுவார்கள். ஈரத்தோடு வாழ்ந்தவர்கள் கண்ட ஏற்பாடு அது.

மரத்துக்கு வருவோம். கிட்டார் உலகம் எந்த மரத்தைப் பெரிதாகப் பேசுகிறதோ அதன் பின்னால் பெரும்பாலும் சந்தைக் கதை இருக்கிறது. ஃபெண்டர் 1956இல் ஆல்டர் மரத்துக்கு மாறியதற்கு அது மலிவாகக் கிடைத்ததும், ரேகைத் துளைகளை அடைக்காமலே பெயின்ட் பிடித்ததும் பெரிய காரணங்கள். அதே நிறுவனம் 2020இல் ஆஷ் மரத்தை வழக்கமான தயாரிப்பிலிருந்து குறைத்துக்கொண்டது. ஆஷ் மரங்களை அழிக்கும் வண்டும் மிசிசிப்பி வெள்ளமும் அதற்குக் காரணம். எழுபது வருஷம் அந்த ஒலிக்கு இன்றியமையாதது என்று விற்ற மரம் ஒரு வண்டால் விலகிக்கொண்டது, ஒலி அப்படியேதான் இருக்கிறது. ஈட்டி மரத்தின் கதை நமக்கு இன்னும் நெருக்கம். தோதகத்தி என்றும் அழைக்கப்படும் அந்த மரம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது. அதை வெட்டுவதைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாடு அரசு 1994இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. அழியும் உயிரினங்களின் வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தம் 2017 ஜனவரியில் ஈட்டிப் பேரினம் முழுவதையும் கட்டுப்பாட்டுக்குள் எடுத்தது. இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைக்க 2019 நவம்பர் ஆயிற்று. இடையில் விரல்பலகை மாற்றிய தொழிற்சாலைகள் பல. கிப்ஸன் நிறுவனத்தில் 2009இல் மடகாஸ்கர் கருங்காலிக்காகவும் 2011இல் இந்தியாவிலிருந்து போன ஈட்டி, கருங்காலித் துண்டுகளுக்காகவும் அமெரிக்க அதிகாரிகள் சோதனை நடத்தினார்கள். 2012இல் அந்த நிறுவனம் மூன்று லட்சம் டாலர் அபராதத்துக்கு உடன்பட்டு வழக்கை முடித்துக்கொண்டது. நம் மலையில் வளரும் மரம் அமெரிக்கா போய், கிட்டாராகித் திரும்பி, இறக்குமதி வரியும் சேர்ந்து எர்ணாவூரில் ஒருவர் கைக்கு வருகிறது. அந்தச் சுற்றுக்குப் பணம் கொடுப்பதற்கு நாதம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

பக்கத்திலேயே என்ன இருக்கிறது? முதலில் பழைய தேக்கு. சென்னைத் துறைமுகம் வழியாக வந்திறங்கிய பர்மா தேக்கு நூறு வருஷமாக வீடுகளில் உத்தரமாகவும் நிலையாகவும் நின்றது. அந்த வீடுகள் இடிபடும்போது அந்த மரம் பழைய மரக் கடைகளுக்கு வருகிறது. மியான்மர் 2014இல் கட்டை ஏற்றுமதியை நிறுத்திவிட்டதால் அந்தத் தரத்தில் புது மரம் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. இடித்த வீட்டு மரத்தில் வாத்தியமா என்று முகம் சுளிப்பவர்கள் நரசிங்கம்பேட்டையைப் பார்க்கட்டும். 2022இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த நாகஸ்வரத்துக்கு ஆச்சா மரம் வேண்டும், அதிலும் பழைய வீடுகளிலிருந்து எடுத்த, பல பத்தாண்டு காய்ந்த மரத்தைத்தான் அங்கே தேடிப்பிடிக்கிறார்கள். ஆடி முடித்த மரம் இனி ஆடாது என்பது அவர்கள் கண்ட அறிவு. இரண்டாவது பலா. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவில் தஞ்சாவூர் வீணை பிறக்கிறது, மிருதங்கத்தின் கட்டையும் பலாதான். அதன் எடை மஹோகனியை ஒட்டியே வருகிறது, கரையானும் எளிதில் அண்டாது. உடலுக்கு இதைவிட என்ன வேண்டும்? மூன்றாவது வேம்புக் குடும்பம். மஹோகனியும் நம் வேம்பும் மலைவேம்பும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள், வடக்கே சிதாருக்கு ஆகும் தூன் மரமும் அந்தக் குடும்பமே. இவற்றில் எல்லாம் சிக்கல் இல்லையென்று சொல்ல வரவில்லை. தேக்கில் எண்ணெய் உண்டு, ஒட்டுவதற்கு முன் தின்னரால் துடைத்து உடனே பசை போடாவிட்டால் பிடிக்காது. பழைய மரத்துக்குள் ஆணி ஒளிந்திருக்கும், ரம்பத்தின் பல் போய்விடும். பலா பச்சையாக இருந்தால் வளைந்து பிளக்கும், வருஷக்கணக்கில் காயவிட வேண்டும். மலைவேம்பு ப்ளைவுட்டுக்காக அவசரமாக வளர்த்து வெட்டப்படும் மரம், கழுத்துக்கு அதை நம்பக் கூடாது. இவையெல்லாம் நல்ல தச்சருக்குத் தெரிந்த பிரச்சினைகள், தீர்வுள்ள பிரச்சினைகள்.

நெக்-த்ரூவுக்கு உண்மையான ஒரு பலம் இருக்கிறது, அதை ஒத்துக்கொள்ளாமல் இந்த வாதம் நேர்மையாகாது. கழுத்து உடலோடு சேரும் இடத்தில் தடித்த மேடு இல்லாததால் மேல்கட்டைகளுக்கு, அதாவது இருபதாவது ஃபிரெட்டைத் தாண்டியும், இடது கை சறுக்கிக்கொண்டு போகும். வேகமாக மெட்டல் வாசிப்பவருக்கும், நீண்ட கழுத்துள்ள ஐந்து ஆறு தந்தி பேஸ் வாசிப்பவருக்கும் அது பெரிய சௌகரியம். அந்த சௌகரியத்துக்காக ஒருவர் கூடுதல் விலை கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, பை நிறைய பணமும் குளிரூட்டிய அறையும் இருந்தால். ஆனால் திருகாணிக் கழுத்தின் குதியை, அதாவது அந்த மேட்டை, இழைத்துச் சரித்துவிட்டாலே அந்த சௌகரியத்தில் பெரும்பங்கு கிடைத்துவிடும், இன்று பல தயாரிப்பாளர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். கானா மேடையிலும் லைட் மியூசிக் குழுவிலும் தேவாலயத்திலும் வாசிக்கும் வடசென்னைக் கிட்டாரிஸ்ட் பெரும்பாலான நேரம் முதல் பன்னிரண்டு ஃபிரெட்டுக்குள்தான் இருக்கிறார் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

எதிர்த்தரப்பினர் வாதத்தில் தோற்றாலும் கையில் ஒரு சீட்டு வைத்திருப்பார்கள்: மறுவிற்பனை. பலா உடம்பும் தேக்குக் கழுத்தும் உள்ள பேர்தெரியாத கிட்டாரை நாளைக்கு யார் வாங்குவார்கள் என்ற கேள்வி. இது மரத்தைப் பற்றிய கேள்வி இல்லை, சந்தையின் பழக்கத்தைப் பற்றியது. இருந்தாலும் குடும்ப வருமானத்திலிருந்து கிட்டார் வாங்குகிறவருக்கு இது நியாயமான கவலை. பதிலும் திருகாணியிலேயே இருக்கிறது. திருகாணிக் கழுத்துக் கிட்டாரை முழுதாக விற்க முடியாவிட்டாலும் கழுத்தைத் தனியாக, உடலைத் தனியாக, பிக்-அப்பைத் தனியாக விற்கலாம். ஃபெண்டர் அளவுகளைப் பின்பற்றிக் குழி வெட்டியிருந்தால் உலகத்தின் எந்த மூலையில் செய்த அதே அளவுக் கழுத்தும் அதில் உட்காரும், அதன் கழுத்தும் எங்கோ ஒரு உடலில் உட்காரும். முறுக்கிக்கொண்ட நெக்-த்ரூவில் விற்க மிஞ்சுவது பிக்-அப்பும் ட்யூனிங் கீயும்தான்.